ஒரு எழுத்து தள்ளிப்போனா என்ன ஆகும்? ஆர்சிங்க் பிறந்த கதை

பெரிய கோப்பு ஒன்றில் நாலு வரி திருத்துகிறீர்கள். அதன் பழைய பிரதி தூரத்து சர்வரில் இருக்கிறது. மாறின நாலு வரியை மட்டும் அனுப்பினா போதாதா? போதும்தான். ஆனா எது மாறியதுன்னு கண்டுபிடிக்க இரண்டு பிரதியும் ஒரே இடத்தில் இருக்கணும். அதுக்கு முழுக் கோப்பையும் அனுப்பணும். பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்னு சொல்வாங்களே, அந்தக் கதை.

இந்த முடிச்சை 1996-ல் அவிழ்த்தவர்கள் கான்பராவில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மக்கெராஸ். ட்ரிட்ஜெல் ஏற்கெனவே சாம்பா எழுதியவர்.

கோப்பைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் போட்டு ஒப்பிடலாமேன்னு யாருக்கும் தோன்றும். ஆனா தொடக்கத்தில் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்துப் பாருங்க. வரிசையில் முன்னால் ஒருத்தர் புகுந்த மாதிரி எல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும். ஒரு துண்டும் பொருந்தாது.

இவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டினார்கள். பெறுபவர் தன் பழைய பிரதியைத் துண்டாக்கி எண்களை அனுப்புவார். அனுப்புபவர் தன் கோப்பில் ஒவ்வொரு பைட்டிலிருந்தும் தொடங்கித் தேடிப் பார்ப்பார். 1 கோடி பைட் கோப்பென்றால் கிட்டத்தட்ட 1 கோடி தடவை. ஒவ்வொரு தடவையும் புதுசா கணக்குப் போட்டா விடியாது. அதனால் உருளும் கணக்கு: வெளியே போகும் பைட்டைக் கழி, உள்ளே வரும் பைட்டைச் சேர். மார்க் ஆட்லரின் ஆட்லர்-32 தந்த பொறி இது. இந்த 32 பிட் எண் லேசானது, ஏமாறும். அது பொருந்தினால் மட்டும் 128 பிட் எம்டி4 கணக்கைப் போட்டு உறுதி செய்தார்கள். எனக்கென்னவோ உருளும் கணக்கைவிட இந்த வேலைப் பிரிவினைதான் அழகு.

பிறகு இணைப்புகள் வேகமாயின, தாமதம் வேறு இடத்துக்குப் போனது. லட்சக்கணக்கான சின்னக் கோப்புகள் இருந்தால், முழுப் பட்டியலும் தயாராகும்வரை எதுவும் நகராது, நினைவகமும் தின்னும். 2008-ல் வந்த 3.0 பதிப்பு, பட்டியல் போட்டுக்கொண்டே அனுப்பவும் தொடங்கியது.

வழக்கமாக ஆர்சிங்க் அளவையும் திருத்திய நேரத்தையும் மட்டும் பார்த்து, மாறாத கோப்பைத் தாண்டிப் போகும். 'எதுக்கும் இருக்கட்டும்'னு செக்சம் விருப்பத்தைச் சேர்த்தால் இரண்டு பக்கமும் டிஸ்க்கைப் படித்துத் தீர்க்கணும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் காத்துக் கிடந்தேன்.

ஒரே கணினிக்குள் நகலெடுத்தால்? அந்தப் புகழ்பெற்ற உருளும் கணக்கை ஆர்சிங்க்கே ஓரம் வைத்துவிட்டு, முழுக் கோப்பையும் அப்படியே எழுதிவிடும்.