மக்கள் வாக்கும் ஆட்டக்காரர் மதிப்பும்: கண்டிக் கிரிக்கட் வரலாறு பற்றிய சில அவதானிப்புகள்

விளையாட்டைப் பொழுதுபோக்காகக் கொள்பவருக்குப் பரிசு ஒரு மகிழ்ச்சி. அதனையே சீவனோபாயமாகக் கொண்டவருக்கோ அது அவரது உழைப்பின் மீது வழங்கப்படும் தீர்ப்பாகும். அத்தீர்ப்பை வழங்கும் உரிமை யாருக்குரியது? களத்தில் எதிர்நின்று ஆடியவர்களுக்கா, எண்ணிக் குறித்துவைத்த ஏடுகளுக்கா, அன்றேல் பார்த்திருந்த பொதுமக்களுக்கா? மக்கள் வாக்கினாற் கிடைக்கும் விருதைத் தொழில்முறை ஆட்டக்காரர் எவ்வாறு மதிக்கின்றனர் என்ற வினாவும் இதனுள் அடங்கும். கண்டி நகரும் அதன் சுற்றுப்புறமும் உலகுக்கு அளித்த இரு கிரிக்கட் ஆட்டக்காரர்களின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒருவர் 1972 இல் கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரன். மற்றவர் 1977 இல் மாத்தளையிற் பிறந்து கண்டியில் வளர்ந்த குமார் சங்கக்கார. இவர்களுள் ஒருவர் வாக்குரிமையையே இழந்திருந்த ஒரு சமூகத்தின் வழித்தோன்றல். ஆதலின் இவ்வினா வெறும் விளையாட்டுச் செய்தியாக நின்றுவிடாது எமது சமூக வரலாற்றோடும் பிணைந்துவிடுகின்றது.

1. ஒரு புற எடுத்துக்காட்டு

இச்சிக்கல் கிரிக்கட்டுக்கு மட்டும் உரியதன்று. போக்கர் எனும் சீட்டாட்டத்தைத் தொழிலாகக் கொண்டோரைச் சிறப்பிப்பதற்கென 1979 இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரிற் ‘புகழ் மண்டபம்’ ஒன்று ஏற்படுத்தப்பட்டது. தலைசிறந்த எதிராளிகளுடன் ஆடியிருத்தல், நெடுங்காலம் நிலைத்து நின்றிருத்தல், சக ஆட்டக்காரரின் மதிப்பைப் பெற்றிருத்தல் என்பன அதில் இடம்பெறுவதற்குரிய தகுதிகளுட் சில. 2009 இல் பெயர்களை முன்மொழியும் வாய்ப்புப் பொதுமக்களுக்கு அளிக்கப்பட்டபோது, அந்நாளிற் பெரும்புகழ் ஈட்டியிருந்த டொம் டுவான் என்னும் 23 வயது இளைஞர் இறுதிப் பட்டியலுள் வந்து சேர்ந்தார். அவர் அவ்வாண்டு தெரிவாகவில்லை. 2011 இல், நாற்பது வயது நிரம்பியவரே தகுதியுடையர் என்ற விதி சேர்க்கப்பட்டது. மக்கள் முன்மொழியலாம், முடிவு கூறுவது தேர்ந்தவர் பொறுப்பு என்ற நிலை இவ்வாறு உறுதிப்பட்டது. இதனை மக்கள் மீதான வெறுப்பாகக் கொள்ளலாகாது. சில இரவுகளின் துணிச்சலையும் பல்லாண்டுத் தேர்ச்சியையும் வேறுபிரித்து அறிவதற்கு மேசையின் எதிர்ப்புறம் அமர்ந்திருந்த அனுபவம் வேண்டும் என்ற தொழிலாளியின் உணர்வே இதன் அடிப்படை எனலாம். கண்டியின் ஆட்டக்காரர் வரலாற்றிலும் இவ்வுணர்வு தொழிற்படுவதைக் காண்கின்றோம்.

2. கல்லூரி மைதானமும் பத்திரிகைக் கூப்பனும்

கண்டியிற் கிரிக்கட் ஆட்டம் கல்லூரிகளின் வழியாகவே வேரூன்றியது. புனித அந்தோனியார் கல்லூரி (1854), திரித்துவக் கல்லூரி (1872), தர்மராஜ கல்லூரி (1887), கிங்ஸ்வூட் கல்லூரி (1891) என்பன இவ்வகையிற் குறிப்பிடத்தக்கன. 1983 இல் முதலாவது டெஸ்ட் ஆட்டத்தைக் கண்ட அஸ்கிரிய மைதானமும் திரித்துவக் கல்லூரிக்கு உரியதே. மலைச்சரிவுகளிற் கொழுந்து பறித்தோரின் பிள்ளைகள் இம்மைதானங்களின் எல்லைக்கோட்டுக்கு அப்பாலேயே நின்றனர். 1920 இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஒருவரின் பேரனான முரளிதரன், கட்டுகஸ்தோட்டையிலுள்ள புனித அந்தோனியார் கல்லூரியின் விடுதி மாணவராகச் சேர முடிந்தமைக்கு, தந்தையார் பிஸ்கட் உற்பத்தித் தொழிலில் ஈட்டிய பொருளாதார நிலையே வழிவகுத்தது. திறமை எங்கும் பிறக்கலாம். அது பிறர் கண்ணிற் படுவதற்கு ஒரு வர்க்கப் படிக்கட்டு வேண்டியிருந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

1979 முதல் ஆண்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கட் வீரரைத் தெரிவுசெய்யும் வழக்கம் லேக்ஹவுஸ் நிறுவனத்தின் ‘ஒப்சேவர்’ பத்திரிகையால் வளர்க்கப்பட்டது. முதல் விருதைப் பெற்ற ரஞ்சன் மடுகல்ல கண்டியிற் பிறந்தவர். கொழும்பு றோயல் கல்லூரியின் சார்பில் அவ்விருதைப் பெற்றார். 1991 இல் முரளிதரன் ஆண்டின் சிறந்த வீரரானார். இப்பிரதான விருதை ஆட்டத் திறன்களை மதிப்பிடும் நடுவர் குழுவே வழங்குகின்றது. அதன் அருகே, பத்திரிகையில் அச்சிடப்படும் கூப்பனை வெட்டி வாசகர் அனுப்பும் வாக்குகளால் ‘மிகவும் பிரபலமான’ வீரரைத் தெரிவுசெய்யும் வழக்கமும் வளர்ந்தது. கூப்பன் வேண்டுமாயின் பத்திரிகை வாங்க வேண்டும். பல கூப்பன் வேண்டுமாயிற் பல பிரதிகள் வாங்க வேண்டும். எனவே இங்கு வாக்கு என்பது ஒருவருக்கு ஒன்று என்ற சனநாயக வாக்கன்று. வாங்கும் சக்தியோடும் பழைய மாணவர் பலத்தோடும் இணைந்த வாக்காகும். ‘சிறந்தவர்’, ‘பிரபலமானவர்’ என்ற இரு சொற்களையும் அமைப்பாளரே வேறுவேறாக வைத்தமை கருதத்தக்கது. இவற்றுள் எதனை நாடிப் பந்து வீசவேண்டும் என்பதில் எந்தப் பாடசாலை வீரருக்கும் ஐயம் இருந்திருக்க இயலாது.

3. எண்ணிக்கை என்னும் சான்று

முரளிதரனின் வாழ்வில் பொதுமக்கள் தீர்ப்பு முதலில் விருதாக வரவில்லை, கூச்சலாகவே வந்தது. 1995 டிசம்பர் 26 ஆம் நாள் மெல்பேர்ண் மைதானத்தில் அவர் பந்தை எறிகின்றார் எனக் கூறி நடுவர் டரல் ஹெயர் ஏழு முறை ‘நோ போல்’ அறிவித்தார். அதன்பின் அவுஸ்திரேலியப் பார்வையாளர் கூட்டம் அவர் பந்து வீசும்போதெல்லாம் அச்சொல்லையே உரத்துக் கூவியது. 2004 இல் அந்நாட்டின் பிரதமர் ஜோன் ஹவார்டும் அக்குற்றச்சாட்டைப் பகிரங்கமாக உரைத்தார். கூட்டம் கூவுவதும் ஒருவகை வாக்களிப்பே அன்றோ?

அதற்கு முரளிதரன் அளித்த மறுமொழி எதிர்க்கூச்சலாக அமையவில்லை. ஆய்வுகூடங்களில் தமது கையை அளவிட இடமளித்தார். முழங்கையை அசையாது கட்டும் கவசம் அணிந்து, கமராவின் முன் அதே பந்துகளை வீசிக் காட்டினார். முழங்கை விரிவு 15 பாகை வரை எல்லாப் பந்துவீச்சாளருக்கும் அனுமதிக்கப்பட வேண்டும் என்ற விதி 2005 இல் நடைமுறைக்கு வந்தது. சான்றினால் மட்டுமே மறுக்கப்படக்கூடிய ஒரு பழிக்கு ஆளானவர், சான்றையே தமது விருதாகக் கொண்டமை இயல்பாகும்.

இந்நிலையில் எண்ணிக்கை தனிப்பொருள் பெறுகின்றது. 2000 இல் விஸ்டன் ஆண்டுமலர், நூறு அறிஞர்களின் வாக்குகளைக் கொண்டு நூற்றாண்டின் ஐந்து வீரர்களைத் தெரிந்தது. பிரட்மன் நூறு வாக்குகளும், சோபர்ஸ் தொண்ணூறும், பந்துவீச்சாளருள் ஷேன் வோர்ன் இருபத்தேழும் பெற்றனர். முரளிதரனின் ஆட்டவாழ்வு அப்போது இடைநிலையிலேயே இருந்தது. இரண்டாண்டுகளின் பின், 2002 இல், அதே விஸ்டன் நிறுவனம் புள்ளிவிவரங்களைக் கணித்து டெஸ்ட் பந்துவீச்சாளரை வரிசைப்படுத்தியபோது முரளிதரன் முதலிடத்தில் நின்றார். வாக்கெடுப்பு நினைவிலிருப்போரை நாடிற்று. கணக்கு, ஆடியவரை நாடிற்று. அவ்வாண்டு சனவரியில் அஸ்கிரியவிற் சிம்பாப்வே அணிக்கெதிராக அவர் 51 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்டுகளை வீழ்த்தியிருந்தார். 2007 டிசம்பர் 3 ஆம் நாள், அதே மைதானத்தில், சொந்த ஊரவர் முன்னிலையில் வோர்னின் 708 என்ற எல்லையைக் கடந்தார்.

2010 இல் அவர் ஓய்வுபெற்ற முறையும் கவனத்துக்குரியது. 792 விக்கெட்டுகளுடன் காலி மைதானத்துக்கு வந்த அவர், அவ்வோர் ஆட்டத்துடன் டெஸ்ட் அரங்கிலிருந்து விலகுவதாக முன்னரே அறிவித்திருந்தார். தேவைப்பட்ட எட்டு விக்கெட்டுகளுள் இறுதியானது, ஆட்டத்தின் இறுதி நாளில், எதிரணியின் கடைசி விக்கெட்டாகக் கிடைத்தது. எண்ணூறு என்ற எண்ணை எவரும் அவருக்கு வாக்களித்து வழங்கவில்லை. எவரும் அதனைப் பறிக்கவும் இயலாது.

4. மக்கள் தெரிவு

சங்கக்காரவின் வரலாறு வேறொரு முகத்தைக் காட்டுகின்றது. திரித்துவக் கல்லூரியின் உயர் கௌரவமாகிய ரைட் தங்கப் பதக்கத்தை 1996 இல் பெற்ற அவர், 12,400 டெஸ்ட் ஓட்டங்களைக் குவித்தவர். சர்வதேசக் கிரிக்கட் பேரவை 2010 இல் ‘மக்கள் தெரிவு’ என்ற விருதை ஏற்படுத்தியது. குழுவொன்று தயாரிக்கும் சிறு பட்டியலிலிருந்து ஒருவரை உலகெங்குமுள்ள இரசிகர் வாக்களித்துத் தெரியும் முறை இது. முதலாண்டு விருது சச்சின் டெண்டுல்கருக்குச் சென்றது. 2011 இலும் 2012 இலும் சங்கக்கார அதனைப் பெற்றார்.

இத்தகைய விருது 1996 உலகக் கிண்ணத்தின் பின் விரிவடைந்த தொலைக்காட்சிச் சந்தையின் விளைபொருள் என்பதை நாம் மறுக்கவில்லை. வர்த்தக நிறுவனத்தின் பெயரைத் தாங்கி வழங்கப்பட்ட அவ்விருதில் வாக்காளர் நுகர்வோராகவும் கணிக்கப்பட்டார். எனினும் சனத்தொகையே இவ்வாக்கைத் தீர்மானிக்கின்றது என்ற எளிய விளக்கம் இங்கு பொருந்தாது. இரு கோடி மக்களைக் கொண்ட சிறு தீவின் வீரர், நூறு கோடிக்கு மேற்பட்டோரின் நாட்டவர் வாக்களிக்கும் போட்டியில் இருமுறை வென்றார் எனின், நாட்டெல்லை கடந்தும் அவருக்கு வாக்குகள் விழுந்தன என்பதே பொருள்.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. 2011 யூலை 4 ஆம் நாள் லோட்ஸ் மைதானத்தில் அவர் நிகழ்த்திய கௌட்ரி நினைவுரையில், கிரிக்கட் நிர்வாகத்தின் சீர்கேட்டைக் கண்டித்தார். 1983 வன்செயலின்போது கண்டியிலுள்ள தமது வீட்டிற் பெற்றோர் 35 தமிழ் நண்பர்களுக்கு அடைக்கலம் அளித்ததை நினைவுகூர்ந்தார். தாம் எல்லா இனத்தவருக்குமாக ஆடுவதாகவும் கூறினார். அவ்வுரை நிகழ்ந்து இரு மாதங்களில் மக்கள் விருது வந்தது. அந்த வாக்குகளுட் சில துடுப்புக்கும் சில அச்சொற்களுக்கும் உரியனவாயிருத்தல் கூடும். இன்னொன்றும் நோக்கற்பாலது: 2012 இல் நடுவர் குழு வழங்கிய ஆண்டின் சிறந்த வீரர் விருதும், சிறந்த டெஸ்ட் வீரர் விருதும், மக்கள் விருதும் அவரையே அடைந்தன. தேர்ந்தோர் தீர்ப்பு உடனிருக்கும்போது மக்கள் வாக்கு ஆட்டக்காரருக்கு ஐயமற்ற மகிழ்ச்சியாகின்றது. அது தனித்து வருமாயின், அன்பாக ஏற்கப்படுமேயன்றித் தேர்ச்சியின் அளவாகக் கொள்ளப்படுவது அரிது.

5. வாக்கற்றோர் வாக்கு

இவ்விடத்தில் ‘வாக்கு’ என்ற சொல்லின் மற்றைய பொருளை நாம் புறக்கணித்தல் இயலாது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது. அதற்கு அடுத்த ஆண்டு முரளிதரன் முதன்முறையாக உலக சாதனையை எட்டினார். ஒரு சமூகத்தின் வழித்தோன்றலுக்கு நாடே கரகோஷம் எழுப்பிய அதே காலத்தில், அச்சமூகத்தவர் பலர் அந்நாட்டின் வாக்காளர் பட்டியலில் இல்லாதிருந்தனர். கைதட்டல் குடியுரிமைக்கு ஈடாகாது.

மக்கள் என்போரும் ஒரே குரலினர் அல்லர். 2019 சனாதிபதித் தேர்தற் காலத்தில் முரளிதரன் எடுத்த நிலைப்பாடு தமிழரிற் பலரது கடும் விமர்சனத்துக்கு உள்ளாயிற்று. 2020 இல் அவரது வாழ்க்கையைத் திரைப்படமாக்கும் முயற்சிக்குத் தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பினால் நடிகர் விஜய் சேதுபதி அதிலிருந்து விலகினார். ஆட்டத்துக்காகக் கொண்டாடியோரே அரசியலுக்காக மறுத்தனர். இம்மறுப்பும் மக்கள் தீர்ப்பே. ஆயின் அது வீழ்த்தப்பட்ட விக்கெட்டுகளைப் பற்றியதன்று. 2010 இல் பல்லேகல மைதானத்துக்கு அவரது பெயரைச் சூட்ட மத்திய மாகாண சபை முன்வந்தது. எனினும் மைதானம் பல்லேகல என்றே வழங்கிவருகின்றது.

6. முடிவுரை

இதுவரை நோக்கியவற்றால், ஆட்டக்காரர் பெறும் மதிப்பு மூவகைப்படும் எனக் கூறலாம்: ஏடு தரும் எண்ணிக்கை, தொழிலறிந்தோர் தரும் தீர்ப்பு, மக்கள் தரும் வாக்கு. தொழிலாக ஆடுபவர் முதலிரண்டையும் தமது தேர்ச்சிக்குச் சான்றாகவும், மூன்றாவதைத் தம் மீதுள்ள பற்றுக்குச் சான்றாகவும் கொள்கின்றனர். இம்மூன்றையும் ஒன்றாக்கி விற்பது சந்தையின் வேலை. வேறுபிரித்து நோக்குவது ஆய்வாளரின் கடன்.

எனினும் மக்கள் வாக்கு இழிந்தது என்ற முடிபுக்கு நாம் வரவில்லை. ஆளை அறிந்து, சொல்லை அறிந்து, இன எல்லையைக் கடந்து அது வழங்கப்படும்போது நடுவர் குழு தரவியலாத ஒன்றை அது தருகின்றது. ஆயின் ஒரு தனி வீரரைத் தோளில் தூக்கிக்கொண்டாடும் சமூகம், அவரது பாட்டனாரோடு கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் காணியும் வீடும் கல்லூரி மைதானமும் கிடைத்துள்ளனவா என்று வினவவும் கடமைப்பட்டுள்ளது. முரளிதரனின் எண்ணூறு ஏட்டில் ஏறிவிட்டது. அம்மக்களின் கணக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை.