ஷெல்லில் கட்டளைக்கு முன் எழுதும் மாறி மதிப்பு

யூனிக்ஸ் ஷெல்லில் கட்டளையின் பெயருக்கு முன்னால், அதே வரியிலேயே, ஒரு மாறிக்கு மதிப்புக் கொடுக்கலாம். அந்த மதிப்பு அந்தக் கட்டளைக்கு மட்டும் உரியது. வேலை முடிந்ததும் மறைய வேண்டும். ஷெல்லுக்குள்ளேயே அமைந்த கட்டளைகள் விஷயத்தில் இது அவ்வளவு எளிதாக நடக்கவில்லை.

1971-இல் வந்த தாம்ப்சன் ஷெல்லில் மாறிகளே இல்லை. பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் போர்ன் எழுதி, 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் வெளிவந்த ஷெல்லில்தான் இம்முறை வேரூன்றியது. வெளிக்கட்டளை ஒன்றை ஓட்ட, ஷெல் தன்னையே பிரதியெடுத்து ஒரு சேய்ச் செயலாக்கத்தை உண்டாக்கும். மதிப்பு அந்தச் சேயிடம் போகும். சேய் முடிந்தால் அதுவும் போய்விடும். உள்ளமை கட்டளைக்குச் சேய் கிடையாது, தாய் ஷெல்லே அதைச் செய்கிறது. ஆகவே போர்ன் ஷெல் மதிப்பைத் தன் மாறியிலேயே எழுதியது. பழைய மதிப்பை மீட்கவில்லை.

இதனால் வந்த தொல்லை சிறிதல்ல. சொற்களைப் பிரிக்கும் ஐஎஃப்எஸ் மாறியை முக்காற்புள்ளி ஆக்கி, அதே வரியில் ரீட் கட்டளையால் பயனர் பட்டியலின் ஒரு வரியைப் படிப்பது இன்று அன்றாட வேலை. அன்றோ, அதன் பிறகு வரும் சொற்பிரிப்பு எல்லாம் முக்காற்புள்ளியிலேயே வெட்டுப்படும். பழைய மதிப்பை முன்கூட்டியே எடுத்துவைத்துத் திருப்பி இடுவதுதான் வழி.

1992-இன் போசிக்ஸ் தரம் உள்ளமை கட்டளைகளை இரண்டாகப் பிரித்தது. ஈவல், எக்ஸ்போர்ட், செட், முக்காற்புள்ளி முதலிய 15 சிறப்புக் கட்டளைகளுக்கு முன் எழுதிய மதிப்பு நிலைக்கும். ரீட், சிடி போன்றவற்றுக்கு நிலைக்காது. பழைய நிரல்களைக் காப்பாற்றிய சமரசம் இது. ஆனால் எது எந்த வகை என்பதை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். பயனர் எழுதும் செயற்கூறுகளையும் இதில் சிறப்புக் கட்டளைகளோடு சேர்த்த தரம், பின்னாளில் செயற்கூறுகளின் விஷயத்தை அந்தந்த ஷெல்லின் விருப்பத்துக்கு விட்டது.

‘எக்ஸ்=1’ என எழுதி, இடைவெளி விட்டு, ஒரு முக்காற்புள்ளி இடுங்கள். அடுத்த வரியில் எக்ஸை அச்சிட்டால் டேஷ் என்ற ஷெல் 1 என்று காட்டும். பேஷ் என்ற ஷெல், போசிக்ஸ் முறையில் ஓடாதவரை, வெறுமையைக் காட்டும். 2006-இல் உபுண்டு தன் அமைப்பு ஷெல்லை பேஷிலிருந்து டேஷுக்கு மாற்றியபோது, இத்தகைய நுண்ணிய வேறுபாடுகளும் சேர்ந்தே வந்தன.

சிறப்புக் கட்டளைக்கு முன் ‘கமாண்ட்’ என்று சேர்த்தால் மதிப்பு நிலைக்காது. செயற்கூற்றுக்கு அது உதவாது; அழைப்பை அடைப்புக்குறிக்குள் இட வேண்டும். அப்போது துணை ஷெல் ஒன்று பிறக்கிறது. மதிப்பு அதோடு முடிகிறது.