தவறிய பந்தை மீட்டவர்கள்

கூடைப்பந்து ஆட்டத்தைக் காண்போரின் கண்கள் வளையத்தினுள் விழும் பந்தையே நாடுகின்றன. விழாமற்போன பந்தை எவரும் நினைவில் வைப்பதில்லை. ஆயினும், அவ்வாறு தவறிய பந்தை மீண்டும் கைப்பற்றியவர்களே வெற்றி மாலை சூடிய வரலாறும் உண்டு.

1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இவ்வாட்டத்தை அமைத்தார். பழக்கூடைகள் இரண்டே அன்றைய இலக்குகள். பின்னர்க் கூடைக்குப் பின்னே பலகை வந்தது. தவறிய பந்து பலகையிலோ வளையத்திலோ மோதிக் களத்திற்கே திரும்பியது. திரும்பும் பந்து இரு அணிக்கும் பொது. அதனை எறிந்த அணியே மீட்டுக்கொண்டால், இழந்த வாய்ப்பு மறுபடியும் கைக்கு வருகிறது. ஆனால் இஃது எளிதன்று. தடுப்போர் கூடைக்கும் எதிரிக்கும் இடையே நிற்பதால், பந்து பெரும்பாலும் அவர்களிடமே சேரும். மேலும், மீட்கப் பலர் முன்னே பாய்ந்தால், பின்களம் காவலின்றிக் கிடக்கும்.

இம்முயற்சியின் பயனை விளக்க, 1963-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கல்லூரிப் போட்டியைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கறுப்பின வீரர்கள் பலரை ஒருசேரக் களமிறக்கலாகாது என்ற எழுதப்படாத வழக்கம் அந்நாளில் பல கல்லூரிகளில் நிலவியது. சிகாகோ நகரத்து லயோலா பல்கலைக்கழகமோ, முதல் ஐவரில் நால்வரைக் கறுப்பினத்தவராகவே நிறுத்தியது. மார்ச் 15-ஆம் நாள் அதனை எதிர்க்க வேண்டிய அணி மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக அணி. கறுப்பினத்தவர் இடம்பெற்ற அணிகளோடு ஆடுவதை அம்மாநிலத்தார் விலக்கி வந்தனர். நீதிமன்றத் தடை தம்மை எட்டுமுன் அவ்வணியினர் மாநில எல்லையைக் கடந்து வந்து ஆடினர். லயோலா 61-51 என வென்றது.

மார்ச் 23-ஆம் நாள் லூயிவில் நகரில் இறுதி ஆட்டம் நடைபெற்றது. எதிரணி, 1961, 1962 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பட்டம் வென்ற சின்சினாட்டி. இரண்டாம் பாதியில் அது 15 புள்ளிகள் முன்னே சென்றது. பின் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காலத்தைப் போக்க முயன்றது. குறித்த நொடிகளுக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி கல்லூரி ஆட்டத்தில் அன்று இல்லை. லயோலா நெருங்கி நெருங்கிப் பந்தைப் பறித்தது. ஜெர்ரி ஹார்க்னஸ் இறுதி நொடிகளில் ஆட்டத்தை 54-54 எனச் சமப்படுத்தினார்.

மேலதிக ஐந்து நிமிடங்களின் முடிவும் நெருங்கியது, புள்ளிகள் 58-58. ஹார்க்னஸ் தந்த பந்தை லெஸ் ஹன்டர் எறிந்தார்; அது வளையத்தில் புகவில்லை. அருகே நின்ற விக் ரௌஸ் எழும்பி, அதனைப் பற்றி, மீண்டும் கூடையில் சேர்த்தார். லயோலா 60-58 என வாகை சூடியது. ஹன்டரும் ரௌஸும் நாஷ்வில் நகரில் ஒரே பள்ளியில் பயின்றவர்கள்.

இது தற்செயலா? கணக்கைப் பார்ப்போம். லயோலா 84 முறை எறிந்து 23 முறையே கூடையில் இட்டது. சின்சினாட்டி 45 முறை எறிந்து 22 முறை இட்டது. தடையற்ற எறிகளில் இரண்டும் 14 புள்ளிகளே பெற்றன. குறி தப்பாதவர் தோற்றனர். குறி தப்பியவர் வென்றனர்! காரணம், லயோலா 39 முறை மிகுதியாக எறிந்ததே. சின்சினாட்டி பந்தை எறியாமலே 16 முறை இழந்தது. லயோலா மூன்று முறையே இழந்தது. இந்த 13 வாய்ப்புகள் போக எஞ்சியவற்றின் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? அணிகள் மாறி மாறிப் பந்தைப் பெறும் ஆட்டத்தில், தவறியதை மீட்டலன்றி அதற்கு வேறு வழியில்லை.

மாணவ நேயர்களே, அன்று லயோலாவின் ஐவரும் மாற்றாள் இன்றி இறுதிவரை ஆடினர். களைத்த நிலையிலும், தோழன் எறிந்த பந்து தவறக்கூடும் என எண்ணி ரௌஸ் தம் இடத்தில் ஆயத்தமாய் நின்றார். எறிபவனின் திறமையைப் பாராட்டும் நாம், எறிந்தபின் நின்று பார்க்காமல் ஓடுபவனின் உழைப்பையும் மதிக்கக் கற்போமாக.