கணுக்கால் மூட்டும் ஜெய்ப்பூர்க் கைவினைஞரும்

நிலத்திலே சப்பாணி கட்டி அமர்வதை எவரும் ஒரு வித்தையென்று கருதுவதில்லை. ஆயினும் அந்த ஒரு செயலுக்கு இடுப்பு முதல் பாதம் வரையுள்ள மூட்டுக்கள் அனைத்தும் ஒருமித்து இயங்க வேண்டும். இடுப்பிலே தொடையெலும்பின் உருண்ட தலை, தான் பொருந்தியிருக்கும் கிண்ணக் குழியினுள் வெளிப்புறமாகத் திரும்புகின்றது. முழங்கால் மடிகின்றது. கணுக்காலுக்குக் கீழே பாதம் உட்புறமாகச் சரிகின்றது. இவற்றுள் ஒன்று மறுத்தாலும் பந்தியில் அமர்ந்து உண்ண இயலாது.

மனிதப் பாதம் ஒன்றில் 26 எலும்புகளும் 33 மூட்டுக்களும் உள்ளன. கணுக்கால் மூட்டு கதவுப் பிணைச்சலைப் போன்றது. பாதத்தை மேலே உயர்த்தவும் கீழே தாழ்த்தவும் அது இடமளிக்கின்றது. அதற்குச் சற்றுக் கீழே, குதியெலும்புக்கு மேலாக, வேறொரு மூட்டு உண்டு. பாதத்தை உள்ளும் புறமும் சரிப்பது அதுவே. வயல் வரம்பிலும் கல்லும் பள்ளமுமான ஒழுங்கையிலும் நாம் விழாமல் நடப்பதற்கு இந்தச் சிறிய மூட்டுக்கே நன்றி கூற வேண்டும்.

இழந்த காலுக்கு ஈடாகச் செயற்கைக் கால் செய்தவர்கள் எல்லோரும் மூட்டுக்களோடுதான் போராடினார்கள். காலின் உருவத்தை மரத்திலே செதுக்கிவிடலாம். அதன் இயக்கத்தைச் செதுக்குவது எளிதன்று. 16 ஆம் நூற்றாண்டிலே பிரெஞ்சுச் சத்திரசிகிச்சை நிபுணர் அம்புருவாஸ் பாரே, மடிக்கவும் பூட்டவும் கூடிய முழங்காலைக் கொண்ட செயற்கைக் கால் ஒன்றை வடிவமைத்தார். 1815 இல் வாட்டர்லூ போர்க்களத்தில் காலை இழந்த ஆங்கிலத் தளபதி ஹென்றி பாஜெற்றுக்காக, ஜேம்ஸ் பொட்ஸ் என்னும் கைவினைஞர் முழங்காலையும் கணுக்காலையும் நரம்புக் கயிற்றினால் இணைத்து ஒரு மரக்காலைச் செய்து கொடுத்தார். முழங்கால் மடியும்போது பாதம் தானாகவே உயர்ந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861 இல் ஒரு காலை இழந்த ஜேம்ஸ் ஹாங்கர் என்ற மாணவர், தமக்கென்று தாமே ஒரு காலைச் செய்து, பின்னர் அதையே தொழிலாக வளர்த்தார்.

1950 களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவாகிய பாதம் வேறொரு வழியிற் சென்றது. அசையும் கணுக்காலை அது முற்றாகக் கைவிட்டது. குதியிலே மெத்தென்ற ஒரு துண்டை வைத்து, நடக்கும்போது அது அமுங்குவதே போதும் என்று கொண்டது. விலை குறைவு, பழுதும் குறைவு. ஆகவே அது உலகெங்கும் பரவியது. ஆனால் அதைச் சப்பாத்துக்குள் வைத்தே அணிய வேண்டும். கதிரையில் அமர்பவருக்கும், வீட்டினுள்ளும் சப்பாத்தோடு நடமாடுபவருக்கும் அது பொருந்தியது.

இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில் அது பொருந்தவில்லை. ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் வைத்தியசாலையில் எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணராகப் பணியாற்றிய பிரமோத் கரண் சேத்தியிடம் வந்தவர்களுட் பலர் உழவர்களும் ஏழைத் தொழிலாளரும். சேற்றிலே இறங்க வேண்டியவர்கள். நிலத்திலே குந்தியிருந்து வேலை செய்ய வேண்டியவர்கள். கோயிலுக்குள் வெறுங்காலோடு நுழைய வேண்டியவர்கள். கொடுக்கப்பட்ட செயற்கைக் காலை ஒரு மூலையில் வைத்துவிட்டு அவர்கள் மீண்டும் ஊன்றுகோலையே நாடினார்கள். பிழை நோயாளரிடம் இல்லை, பாதத்திலேயே இருக்கின்றது என்பதைச் சேத்தி உணர்ந்தார்.

அதே வைத்தியசாலையில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர் இருந்தார். அதிகம் படித்தவரல்லர், பரம்பரைக் கைத்தொழிலாளி. பழைய ரயர்களுக்குப் புதிதாக இறப்பர் வார்க்கும் பட்டறையின் முறையை அவர் பாதத்திற்குப் பயன்படுத்தினார். 1968 அளவில் ஜெய்ப்பூர்ப் பாதம் உருப்பெற்றது. கணுக்காற் பகுதியிலே ஒரு மரத்துண்டு. குதியிலும் முன்பாதத்திலும் நுண்துளை இறப்பர். இவற்றைச் சுற்றி, ரயர் நூலிழைகளால் வலுவூட்டப்பட்ட இறப்பர். எல்லாவற்றையும் அச்சிலே வைத்துச் சூடாக்கி ஒன்றாக்குவார்கள்.

இந்தப் பாதத்திலே பிணைச்சலோ ஆணியோ கிடையாது. ஆயினும் இறப்பர் வளைவதனால் பாதம் மேலே மடிகின்றது, உள்ளும் புறமும் சரிகின்றது, சிறிதளவு திரும்பவும் செய்கின்றது. மூட்டு இல்லாமலே மூட்டின் இயக்கத்தைப் பெற்றுவிட்டார்கள். குந்தலாம், சப்பாணி கட்டலாம், சப்பாத்தின்றி நடக்கலாம், நீரிலும் இறங்கலாம். சேத்தி இதற்குக் காப்புரிமை பெறவில்லை. 1975 இல் டி. ஆர். மேத்தா ஜெய்ப்பூரில் நிறுவிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயத்தா சமிதி இதனை ஏழைகளுக்கு இலவசமாகவே வழங்கி வந்தது. 1981 இல் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது. சர்மாவின் பெயரோ அந்த அளவுக்கு உலகறியவில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

அதே 1981 இல் தமிழ்நாட்டில் நிகழ்ந்த பஸ் விபத்தொன்றின் பின்னர் வலது காலை இழந்தவர் நடனமணி சுதா சந்திரன். ஜெய்ப்பூர்ப் பாதத்தை அணிந்து 1984 இல் அவர் மீண்டும் பரதநாட்டிய மேடை ஏறினார். அரைமண்டியில் நின்று நிலத்தைத் தட்டும் நடனத்திற்கே அந்தப் பாதம் ஈடுகொடுத்தது.

காப்புரிமை இல்லாமையால் அந்தத் தொழில்நுட்பம் கடல் கடந்து எம்மிடமும் வந்தது. போர் மூண்டிருந்த 1987 இல், ஜெய்ப்பூர் என்ற பெயரையே தன் பெயரிற் கொண்ட வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையம் யாழ்ப்பாணத்தில் நிறுவப்பட்டது. எறிகணையும் மிதிவெடியும் கால்களைப் பறித்த ஆண்டுகள் அவை. ராஜஸ்தான் உழவருக்கு எவை தேவைப்பட்டனவோ அவையே எமது மக்களுக்கும் தேவைப்பட்டன. தோட்டத்திலே குந்தியிருந்து களை பிடுங்க வேண்டும். வாசலிலே செருப்பைக் கழற்ற வேண்டும். கிணற்றடியில் ஈரத்தில் நிற்க வேண்டும்.

முழங்காலுக்கு மேலே காலை இழந்தவரின் இடர் இன்னும் பெரிது. முழங்கால் வெறும் பிணைச்சல் அன்று. மடியும்போது தொடையெலும்பு கீழெலும்பின் மீது உருளவும் வழுக்கவும் செய்வதனால், சுழலும் அச்சு இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒற்றை ஆணியில் மடியும் செயற்கை முழங்கால் எதிர்பாராமல் மடிந்து ஆளை வீழ்த்திவிடுவதற்கு இது ஒரு காரணம். ஸ்ரான்போட் பல்கலைக்கழக மாணவர்களும் மேத்தாவின் அமைப்பும் சேர்ந்து நான்கு இணைப்புக்களைக் கொண்ட மலிவான முழங்காலொன்றை உருவாக்கினர். 2009 இன் சிறந்த கண்டுபிடிப்புக்களுள் ஒன்றாக ரைம் சஞ்சிகை அதனைத் தெரிவு செய்தது.

அதே 2009 இல், மே மாதத்தில், எமது நாட்டின் போர் முடிவுற்றது. மிதிவெடிகளைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 2017 இல் இணைந்தது. ஆனால் கால் இழந்தவர்களுக்கு எந்த ஆண்டும் முடிவாண்டு அல்ல. செயற்கைப் பாதம் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். வளரும் பிள்ளைக்கு அதற்கு முன்னரே அது சிறிதாகிவிடும். அன்று சிறுவராக இருந்து காலை இழந்தவர்கள் இன்று நடுத்தர வயதினர். வாழ்நாள் முழுவதும் அவர்களுக்குப் புதிய பாதங்கள் வேண்டும்.

புலம்பெயர்ந்து வாழும் உறவுகள் ஊருக்கு உதவ எண்ணும்போது இதனையும் நினைவிற் கொள்வது நன்று. விலையுயர்ந்த கால்தான் சிறந்த கால் என்று எண்ணிவிட வேண்டாம். அணியப்போகின்றவர் எங்கே நடப்பார், எதில் அமர்வார், என்ன தொழில் செய்வார் என்று முதலிற் கேளுங்கள். ஜெய்ப்பூரில் அந்த வைத்தியரும் அந்தக் கைவினைஞரும் அதைத்தான் கேட்டார்கள்.