801 பயன்களும் ஏறின மனிசரும்

பனையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னால் யாழ்ப்பாணத்தில் படித்த எந்தப் பிள்ளையும் பத்து நிமிசத்தில் எழுதித் தரும். கற்பகதரு, அடி முதல் நுனி வரை பயன், ஓலைவேலி, பனாட்டு, ஒடியல் கூழ், பனங்கட்டி. ஐந்தாம் வகுப்பில் நாங்களும் எழுதினோம். எங்களில் ஒருத்தருக்குப் பரிசும் கிடைத்தது. அந்தக் கட்டுரைகளில் மரம் இருந்தது, ஏறுகிற ஆள் இருக்கவில்லை. கள்ளு என்ற சொல்லே இருக்கவில்லை.

இந்த வருசம் வரலாற்றுப் பாடத்துக்கு உள்ளூர்த் தொழில் ஒன்றைப் பற்றி ஒப்படை செய்ய வேண்டி வந்தபோது, நாலு பேர் சேர்ந்து சீவல் தொழிலை எடுத்தோம். நூலகத்தில் முதலில் தட்டுப்பட்ட பெயர் வில்லியம் பேர்கூசன். 1850இல் கொழும்பில் பனைமரம் பற்றித் தனிநூலே வெளியிட்டவர். பனைக்கு 801 பயன் என்று தாலவிலாசம் என்ற தமிழ்ச் செய்யுள் நூல் சொல்வதை அவரும் எடுத்துக் காட்டுகிறார். அதற்குப் பிறகு பனையைப் பற்றி எழுதினவர்கள் எல்லாரும் அந்த 801ஐ விடவே இல்லை. பயனை எண்ணினவர்கள் நிறையப் பேர். ஏற்றத்தை எண்ணினவர் யார்?

நாங்கள் ஒருக்கால் எண்ணிப் பார்த்தோம். ஒருத்தர் ஒரு நாளில் 12 மரம் ஏறுகிறார், ஒரு மரத்துக்கு 15 மீற்றர், காலையும் பின்னேரமும் இரண்டு தரம் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 360 மீற்றர். ஒரு கிழமைக்கு 2520. பிதுருதலாகலை மலையின் உயரம் 2524 மீற்றர். கிழமைக்கு ஒரு பிதுருதலாகலை, கயிறோ பட்டியோ கொழுக்கியோ இல்லாமல். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு இறக்கம் இருக்கு. விழுகிறது கூடுதலாய் இறங்கேக்கைதான் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

வலிகாமத்தில் ஒரு ஊரில் எழுபது தாண்டின ஐயா ஒருவரைச் சந்தித்தோம். பதினாலு வயசில் ஏறத் தொடங்கினவர். தளநாரைக் காலில் போட்டு, நெஞ்சை மரத்தோடு அணைத்து ஏறினதில் நெஞ்சுத் தோல் காய்ச்சுப்போய்க் கிடக்கு. முன்கையில் நீட்டு நீட்டாய்த் தழும்பு, அதெல்லாம் கருக்குமட்டை கிழித்தது. குளவி, மழையில் பாசி பிடிச்ச மரம், சோளகக் காற்று என்று அவர் சொல்லிக்கொண்டு போனார். நாங்கள் பயத்தைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டோம். அவருக்கு அது அலுத்துப்போச்சு. “பிள்ளையள், ஏறுறது வேலை இல்லை. ஏறின பிறகுதான் வேலை” என்றார்.

அந்த வேலையை அவர் கையால் காட்டி விளங்கப்படுத்தினார். பாளையை நாரால் வரிந்து கட்டவேணும். சின்னப் பொல்லால் நாள்கணக்காய் மெதுவாய்த் தட்டிப் பதப்படுத்தவேணும். பிறகு நுனியைச் சீவி முட்டியைக் கட்டுகிறது. அண்டையிலிருந்து ஒவ்வொரு நாளும் மெல்லிய சீவல் ஒன்று. தடிப்பாய்ச் சீவினால் பாளை கெதியாய் முடிந்துபோகும். சீவாமல் விட்டால் காயம் அடைபட்டு ஊறல் நின்றுபோகும். அதாவது காயத்தை ஆறவும் விடக்கூடாது, மரத்தை வருத்தவும் கூடாது. ஆங்கிலத்தில் மரத்தில் ஏறி வெட்டித் திருத்துகிறவருக்கு ‘ட்ரீ சேர்ஜன்’ என்று பெயர், மரத்துக்குச் சத்திரசிகிச்சை செய்கிறவர் என்று அர்த்தம். எங்கட ஊரில் பாளையின் காயத்தை மாசக்கணக்காய்ப் பராமரித்தவருக்கு என்ன பெயர் இருந்தது என்பதை வாசிக்கிறவர்கள் அறிவீர்கள். அந்தப் பெயர் இண்டைக்கும் வசையாகப் பாவிக்கப்படுகிறபடியால் இங்கே எழுதவில்லை.

பாளைக்கு லீவு கிடையாது. காய்ச்சல் எண்டாலும் செத்தவீடு எண்டாலும் ஆராவது ஏறத்தான் வேணும். பனைக் காலம் முடிந்து மாரி வந்தால் தென்னைக்குப் போகவேணும், இல்லாட்டில் கூலிவேலை.

மரமும் அவருடையதில்லை. காணிக்காரரின் மரத்தைக் குத்தகைக்கு எடுத்து, அதுக்குக் காசோ கள்ளோ குடுக்கவேணும். இது போதாதென்று சட்டமும் மரத்தடிக்கு வந்தது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச்சட்டத்தின் கீழ், கள்ளுக்காக மரம் சீவ அனுமதிப்பத்திரம் வேணும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் வருவது கருப்பநீர், பனங்கட்டிக்குப் போகும். பூசாவிட்டால் சில மணித்தியாலத்தில் கள்ளு. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கத்தி. ஒரு விரல் சுண்ணாம்பில் ஒரு மனிசன் குற்றவாளியாகலாம். அதே 1912இல் தெற்கில் மதுவிலக்கு இயக்கம் பெரிதாய் எழும்பினது. தேசிய அரசியலின் தொடக்கங்களில் ஒன்றாக அதைப் பாடத்தில் படித்தோம். அந்த அத்தியாயத்தில் தவறணை வரும், தலைவர்கள் வருவார்கள். மரத்தில் நின்றவர் வரவே மாட்டார்.

யாழ்ப்பாணத்தில் பிறகு மரவரி முறை இருந்தது. மரத்துக்கு இவ்வளவு என்று வரி கட்டி, சீவினவரே மரத்தடியிலோ வீட்டிலோ விற்கிற முறை. கேட்க நல்லதுபோல இருக்கும். ஐயாவின் ஞாபகம் வேறை. வரி கட்டக் காசு இல்லாதபோது கடன். கடன் தருகிறவர் பெரும்பாலும் மரத்தின் சொந்தக்காரர். குடிக்க வருகிற பெரியமனிசர் பிளாவில் வாங்கிக் குடிப்பார், ஆனால் சீவினவர் அவர் வீட்டுக் கிணற்றில் தண்ணி அள்ள ஏலாது. “பத்து வயசுப் பொடியனும் என்ர அப்பரை நீ எண்டுதான் கூப்பிடுவான். அப்பர் அவனுக்குத் தம்பி எண்டு சொல்ல ஏலாது, நயினார் எண்டு சொல்லவேணும்.” மரம் ஏற முதல் ஒரு சத்தம் குடுக்கவேணுமாம், அயல் வளவில் பெண்டுகள் குளித்துக்கொண்டு நின்றால் விலகுவதற்கு. சத்தம் குடுக்க மறந்ததுக்கு அடி வாங்கினவர்களும் இருந்தார்களாம்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது எங்களில் ஒரு பெடியனை அவர் இரண்டு தரம் “ஐயா” என்று கூப்பிட்டார். அவனுக்கு வயது 22. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்து ஒன்பது வருசத்துக்குப் பிறகும் தேநீர்க்கடைக் கதிரையில் இருக்கப் போராட வேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் 21 சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போன ஊர்வலமும், 1968 மாவிட்டபுரம் கோயில் நுழைவுப் போராட்டமும் ஓரளவு எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் கதிரை, கோயில் என்று எழுதின அளவுக்குத் தொழிலுக்குள் நடந்த மாற்றத்தை எழுதவில்லை என்பது எங்கட அபிப்பிராயம். 1970இல் சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் எம்.சி. சுப்பிரமணியம் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் போனார். 1972இல் மரவரி முறை போய், சீவல் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. கள்ளைச் சங்கத்துக்குக் குடுக்கிறது, சங்கம் தவறணையில் விற்கிறது, கணக்கு எழுதி விலை தருகிறது. கேட்டால் சாதாரண நிர்வாக மாற்றம். ஐயாவுக்கு அப்ப இருபத்திரண்டு வயசு. “என்ர பேரை முழுசா, தகப்பன் பேரோட, ஒரு புத்தகத்தில எழுதிக் கண்டது சங்கத்திலதான். அதுக்கு முதல் பொலிஸ் புத்தகத்தில எழுதினவங்கள், அது பாதிப் பேர்.”

சங்கத்தில் குறை இல்லாமல் இல்லை. சீசனில் கள்ளு பெருகி விற்காமல் ஊற்றினதும் உண்டு, நிர்வாகத்துக்குள் இழுபறியும் உண்டு. வடமராட்சியில் திக்கம் வடிசாலை வந்தது இந்த மிஞ்சின கள்ளுக்கும் ஒரு வழியாகத்தான். 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் வந்தது.

பிறகு யுத்தம். இதை நாங்கள் நீட்டப்போவதில்லை, ஒன்றிரண்டு மட்டும். விடிய முதல் ஏறவேண்டிய தொழிலுக்கு ஊரடங்கு என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். இடுப்பில் கத்தியோடு ஐம்பதடி உயரத்தில் நிற்கிற ஆள் தூரத்துக் காவலரணுக்கு எப்படித் தெரிவார் என்றும் யோசியுங்கள். பனங்குற்றி குண்டுக்குத் தாங்கும் என்பதால் இரண்டு பக்கத்துப் பங்கருக்கும் பனைதான் தறிபட்டது. விதை போட்டு முதல் பாளை காணப் பதினைந்து வருசமாவது செல்லும் மரம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் ஐயா முட்டிகளை மரத்திலேயே விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது முட்டி இருந்ததா என்று கேட்டோம். “மரமே இல்லைப் பிள்ளை.”

இப்ப பத்திரிகையில் அடிக்கடி வருகிற புலம்பல், ஏற ஆள் இல்லை, பனைவளம் வீணாகிறது, இளைஞருக்கு உழைக்க மனமில்லை. இதில் எங்களுக்கு உடன்பாடில்லை. விழுந்து முதுகு முறிந்தால் மிச்ச வாழ்க்கைக்கு யார் பொறுப்பு என்பதற்கு மறுமொழி இல்லாத தொழில் அது. ஐயாவின் தமையனார் விழுந்து பதினொரு வருசம் பாயில் கிடந்தார். அதோடு, மகன் ஏறாமல் விடுவது மரத்தை விட்டு மட்டும் இல்லை, அந்தப் பெயரை விட்டும்தான். ஏறுகிற இயந்திரம் வரட்டும், பயிற்சி வரட்டும், நல்லது. புலம்புகிறவர்களின் பிள்ளைகளும் அந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

இங்கே ஒன்று சொல்லவேணும். எங்கள் நாலு பேரில் ஒருத்தரின் அப்பப்பா சீவல் தொழில் செய்தவர். இரண்டு வருசம் ஒன்றாய்ப் படித்து, ஒரே மேசையில் சாப்பிட்டும் எங்களுக்கு அது தெரியாது. மூன்றாவது தரம் ஐயாவைப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் சொன்னார். சொல்லிப்போட்டு, “கம்பஸில சொல்லிப்போடாதேங்கோ” என்றார். அந்தப் பரிசுக் கட்டுரையை எழுதினவரும் அவர்தான்.

கடைசி நாள் எழுதினதை ஐயாவுக்கு வாசித்துக் காட்டினோம். பிதுருதலாகலைக் கணக்கில் சிரித்தார், 12 மரம் குறைவு, தான் 15 ஏறினவர் என்று திருத்தினார். சங்கப் புத்தகத்தை உள்ளே போய் எடுத்துவந்து காட்டினார். மட்டை கழன்று, பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தார். நாங்கள் பெயரையும் ஊரையும் போடலாமா என்று கேட்டோம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“பேத்தி அடுத்த வருசம் உங்கட கம்பஸுக்கு வாறாள். பேர் வேண்டாம்.”

அதனால் அவர் பெயர் இதில் இல்லை. எங்கள் நாலு பேரின் பெயரையும் கீழே போடவில்லை.