புழுதியும் எண்ணெய்ப் புகையும்: கரிசல் வட்டாரத்திலிருந்து டர்போ என்ஜின் பிரீதரின் வரலாறு

முன்னுரை

என்ஜினின் கிராங்க்கேஸில் சேரும் புகையை வெளியேற்றும் பிரீதரின் வரலாறு, பெரும்பாலும் காற்று மாசு ஒழிப்பின் கிளைக்கதையாகவே எழுதப்பட்டு வருகிறது. அது லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் புகைமூட்டத்தில் தொடங்கி அரசு விதிகளில் முடியும். கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் மானாவாரி நிலத்திலிருந்து பார்க்கும்போது அதே வரலாற்றில் புழுதி என்ற இன்னோர் இழை தெரிகிறது. வெளியே திறந்திருந்த பிரீதர் முதலில் மூடப்பட்டது. பிறகு, காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்தும் டர்போவின் உறிஞ்சும் பாதையோடு இணைக்கப்பட்டது. இந்த இரண்டு மாற்றங்களும் ஏர் பில்டர், பிஸ்டன் ரிங், டர்போ மூன்றையும் ஒரே சங்கிலியாகக் கோத்துவிட்டன. வறண்ட நிலத்தின் பராமரிப்பு முறையும் அதற்கேற்ப மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

களம்

இவ்வட்டாரம் ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை பெறுகிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். மானாவாரிப் பயிர்களுக்கான ஆராய்ச்சி நிலையம் 1901-இலேயே கோவில்பட்டியில் அமைந்ததற்கு இந்த மண்ணும் மழையுமே காரணம். கோடை உழவு முடிந்த புஞ்சைகள் மழைக்காகக் காத்துக் கிடக்கும் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசுகிறது. களிமண் மிகுந்த கரிசல் அப்போது மாவாகப் பறக்கும். டிராக்டரானாலும், மதுரை–திருநெல்வேலி நெடுஞ்சாலையை விட்டு ஊர்ப் பாதைக்கு இறங்கும் காரானாலும், இந்தக் காற்றைத்தான் உறிஞ்ச வேண்டும்.

திறந்த குழாயின் காலம்

பிஸ்டன் ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும், எரிந்த வாயுவில் சிறு பகுதி அதைத் தாண்டிக் கீழே நழுவும். பட்டறைகளில் இதற்குப் புளோ-பை என்று பெயர். கிராங்க்கேஸுக்குள் இது தங்கினால் அழுத்தம் ஏறி ஆயில் சீல்களைத் தள்ளும். நீராவியும் அமிலமும் ஆயிலைக் கெடுக்கும். தொடக்ககால என்ஜின்களில் ஆயில் ஊற்றும் மூடியே போக்கு வழியாகவும் இருந்தது. பின்னர், சாலையை நோக்கி இறங்கும் குழாய் வந்தது. வண்டி ஓடும்போது அடியில் விரையும் காற்று அக்குழாயிலிருந்து புகையை இழுக்கும். நின்றுகொண்டே ஓடும் என்ஜினில் அந்த இழுப்பு இல்லை.

1950களின் இறுதியில் வந்த அம்பாசடர் காரின் பி-சீரிஸ் என்ஜினும், டிராக்டர்களில் வந்த டீசல் என்ஜின்களும் இந்த மரபைச் சேர்ந்தவை. கிணற்றுப் பாசனத்துக்கு இந்தியக் கிராமங்களில் பரவிய லிஸ்டர் வகை ஆயில் என்ஜின் ஒரு படி முன்னே இருந்தது. அதன் பிரீதரிலுள்ள மெல்லிய தகடு, புகையை வெளியே விட்டு, வெளிக்காற்றைத் தடுத்தது. கிராங்க்கேஸ் எப்போதும் சற்று வெற்றழுத்தத்தில் இருந்ததால் ஆயில் கசிவும் குறைந்தது.

திறந்த குழாய்க்குக் கரிசலில் இரட்டைக் கேடு உண்டு. சூடான என்ஜின் நின்று ஆறும்போது உள்ளிருக்கும் வாயு சுருங்கும். அப்போது வெளிக்காற்று அதே குழாய் வழியே உள்ளே ஏறும். அதோடு புழுதியும் ஏறும். ஆயிலில் கலந்த மண் ரிங்கைத் தேய்க்கும். தேய்ந்த ரிங் கூடுதல் புகையைக் கீழே விடும். ஓடும் என்ஜினில் ஆயில் மூடியைத் திறந்து புகை எவ்வளவு தள்ளுகிறது என்று பார்த்தே ‘ரிங் போச்சு’ என்று சொல்லும் மெக்கானிக்கின் சோதனை இந்த அறிவிலிருந்து பிறந்தது. கருவி ஏதுமில்லாத காலத்தில் அது நம்பத்தக்க நோயறிதலாக இருந்தது.

மூடிய அமைப்பின் வருகை

பிரீதரை மூடும் தேவையைப் போர்க்களம் முதலில் உணர்ந்தது. நீர்நிலைகளைக் கடக்கும் ராணுவ வண்டிகளில் கீழ்நோக்கிய குழாய் வழியே நீர் புகுந்தது. அதனால் புகையை இன்டேக் மேனிபோல்டுக்கே திருப்பும் வால்வு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பயனுக்கு வந்தது. வில்லிஸ் ஜீப்பிலும் அது இருந்தது. போருக்குப் பின் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் அதே குடும்பத்து ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. ஆகவே மாசு விதி எதுவும் இங்கே பிறப்பதற்கு முன்பே இந்த நுட்பம் ஜீப்போடு இந்தியாவுக்கு வந்துவிட்டது.

மாசு விதி பின்னர் கலிபோர்னியாவில் பிறந்தது. வேதியியலாளர் அரி ஹாகன்-ஸ்மிட் 1950களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் புகைமூட்டத்தின் வேதியியலை விளக்கினார். கட்டுப்பாடற்ற காரிலிருந்து வெளியேறும் ஹைட்ரோகார்பனில் ஐந்தில் ஒரு பங்கு அளவு கிராங்க்கேஸ் வழியே வருவது தெரிந்தது. 1961 மாடல் கார்களிலிருந்து கலிபோர்னியாவிலும், 1963 முதல் அமெரிக்கா முழுவதும், புகையை மேனிபோல்டுக்கே திருப்பும் அந்த வால்வு பி.சி.வி. என்ற பெயரில் பொருத்தப்பட்டது.

டர்போ கொண்டுவந்த சிக்கல்

பொறியாளர் ஆல்பிரட் பியூக்கி டர்போவுக்குக் காப்புரிமை பெற்றது 1905-இல். விற்பனைக்கு வந்த முதல் டர்போ கார்களான ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்பயரும் செவ்ரொலே கோர்வேர் மோன்சா ஸ்பைடரும் 1962-இல் வெளிவந்தன. பி.சி.வி. பரவிய அதே ஆண்டுகள் அவை. ஆனால் இரண்டின் இயல்பும் முரண்பட்டவை. பி.சி.வி. நம்புவது மேனிபோல்டின் வெற்றழுத்தத்தை. டர்போ வேகமெடுத்தால் அங்கே வளிமண்டலத்தைவிடக் கூடுதல் அழுத்தம் நிலவும். தடுப்பு வால்வு இல்லாவிட்டால் அந்த அழுத்தம் திரும்பிக் கிராங்க்கேஸுக்குள் பாயும்.

பெட்ரோல் டர்போவில் இதற்கு இரண்டு பாதைகள் அமைத்தார்கள். ஐடிலில் புகை மேனிபோல்டுக்குப் போகும். டர்போ அழுத்தமான பூஸ்ட் ஏறியதும் தடுப்பு வால்வு மூடிக்கொள்ள, டேப்பட் கவரிலிருந்து ஒரு குழாய் டர்போவின் கம்ப்ரசருக்கு முன்னால் சேரும். டீசலில் திராட்டிலின் வெற்றழுத்தத்தை நம்ப முடியாததால் கம்ப்ரசருக்கு முந்தைய பாதையே முதன்மையானது. எண்ணெய்த் துளிகளைப் பிரிக்கும் அறையும், இழுப்பைக் கட்டுப்படுத்தும் ரப்பர் டயாப்ரமும் டேப்பட் கவருக்குள்ளேயே குடியேறின.

இந்தியச் சாலைகளில் டாடா சபாரி (1998), ஸ்கார்ப்பியோ (2002), இன்னோவா (2005), ஸ்விப்ட் டீசல் (2007) வழியே டர்போ டீசல் பரவியது. பாரத் ஸ்டேஜ் IV விதி 2017 ஏப்ரலிலும், VI 2020 ஏப்ரலிலும் நாடு முழுவதும் அமலானபின் டர்போ பெட்ரோல் கார்களும் பெருகின. டீசல் கார்களில் புகைக்கரி வடிகட்டி வந்ததால், பிரீதர் வழியே போய் எரியும் ஆயிலின் சாம்பலும் கணக்கில் சேர்ந்தது. அந்தச் சாம்பல் எரிந்து தீராது, வடிகட்டியிலேயே தங்கும்.

கரிசலில் அறுபடும் சங்கிலி

இந்த அமைப்பில் ஆடிப் புழுதி எங்கே அடிக்கிறது என்பதே வட்டாரக் கேள்வி. ஏர் பில்டர் அடைத்தால் கம்ப்ரசருக்கு முன்னால் இழுப்பு கூடுகிறது. பிரீதர் குழாயும் அங்கேயே சேர்வதால் கிராங்க்கேஸின் எண்ணெய்ப் புகையும் கூடுதலாக இழுபடும். டயாப்ரம் நன்றாக இருந்தால் அதைத் தடுக்கும். கிழிந்திருந்தால் ஆயில், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வரை போய்த் தேங்கும். மிகுந்த அளவில் போனால், டீசல் என்ஜின் தன் ஆயிலையே எரித்துக் கட்டுமீறி ஓடவும் கூடும்.

எதிர்த்திசைக் கேடும் உண்டு. பிரீதர் அடைத்தாலோ ரிங் தேய்ந்தாலோ கிராங்க்கேஸ் அழுத்தம் ஏறும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டைக் குளிர்விக்கும் ஆயில், தன் எடையால் மட்டுமே கிராங்க்கேஸின் அடியிலுள்ள சம்புக்கு வடிகிறது. கீழே அழுத்தம் இருந்தால் அது வடியாமல் சீலைத் தாண்டிக் கசியும். நீலப் புகை வரும்; ‘டர்போ போச்சு’ என்று புது டர்போ பொருத்துவார்கள். காரணம் பிரீதரில் இருப்பதால் புது டர்போவும் கசியும். திறந்த குழாய்க் காலத்து மூடிச் சோதனை இங்கே போதாது. உறிஞ்சும் பாதை புகையை இழுத்துக்கொண்டிருப்பதால், தேய்ந்த என்ஜினிலும் மூடிவழிப் புகை குறைவாகத் தெரியலாம். அழுத்தத்தை மானோமீட்டரால் அளப்பதே சரியான வழி.

முடிவுரை

பிரீதரை மூடியதால் கரிசல் வட்டாரத்துக்கு விளைந்த நன்மை உறுதியானது: வடிகட்டாத புழுதி ஆயிலுக்குள் ஏறிய வழி அடைபட்டது, ஊர்க்காற்றில் கலந்த எண்ணெய்ப் புகை குறைந்தது. அதற்கு ஈடாக, ஒரு பாகத்தின் அழுக்கு அடுத்த பாகத்தின் நோயாகும் நிலை வந்தது. எனவே ஏர் பில்டர் மாற்றும்போதெல்லாம் பிரீதர் குழாய், தடுப்பு வால்வு, டயாப்ரம் மூன்றையும் சோதிப்பதும், கோடை உழவு முடிந்து காற்று எழுமுன் ஒருமுறையும் காற்று ஓய்ந்தபின் ஒருமுறையும் கிராங்க்கேஸ் அழுத்தத்தை அளந்து குறிப்பதும் இங்கே வழக்கமாக வேண்டும். புழுதியை அறிந்த வேளாண் ஆராய்ச்சி நிலையமும், 1984-இல் தொடங்கிய நேஷனல் பொறியியல் கல்லூரியும் ஒரே ஊரில் இருக்கின்றன. ஓராண்டுப் பருவச் சுழற்சியில் உழவு டிராக்டர்களிலும் வாடகைக் கார்களிலும் இந்த அளவைத் தொடர்ந்து எடுத்தால், வறண்ட நிலத்துக்கென்றே ஒரு பராமரிப்பு அட்டவணையை இந்த ஊரே உருவாக்கித் தர முடியும். குளிர்நாட்டுச் சாலைகளை மனத்தில் வைத்து வகுத்த கிலோமீட்டர்க் கணக்கைவிட அதுவே இந்த மண்ணின் என்ஜின்களுக்குப் பொருந்தும்.