தினவெடுத்த குதிரை

குதிரை வாங்கப் போனவர் கோயில் கட்டிய கதை நம் நாட்டில் தெரியாதவர்கள் இல்லை. அரிமர்த்தன பாண்டியனின் மந்திரி திருவாதவூரர் அரசாங்கப் பொன்னை எடுத்துக்கொண்டு கீழைக் கடற்கரைக்குப் புறப்பட்டார், வழியில் திருப்பெருந்துறையில் குருவைக் கண்டார், பொன் கோயிலாயிற்று, மந்திரி மாணிக்கவாசகர் ஆனார். பிறகு நரிகள் பரிகளானதும், அதே பரிகள் இரவோடிரவாக நரிகளாகி ஊளையிட்டதும், வைகை பெருகியதும், பிட்டுக்கு மண் சுமந்ததும் பாட்டி மடியிலேயே நமக்குப் பாடமானவை.

அந்தக் கதையில் ஒரு சிறிய சங்கதி உண்டு. கதை சொல்கிறவர்கள் அதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு நரிகளிடம் போய்விடுவார்கள். எனக்கு அந்த இடத்தில் சற்று நிற்கத் தோன்றும். குதிரை வியாபாரியாக வந்த சிவபெருமான் குதிரைகளைச் சும்மா ஒப்படைக்கவில்லை. கயிறு மாறிக் கொடுக்கிறார். விற்றவன் கையிலிருந்து கயிறு வாங்கியவன் கைக்குப் போய்விட்டால் வியாபாரம் தீர்ந்தது. அப்புறம் குதிரை நொண்டினாலும் சரி, நரியாகிக் காட்டுக்கு ஓடினாலும் சரி, விற்றவனைப் பிடித்துக் கேட்பதற்கில்லை. ஆண்டவனே வியாபாரியாக வந்தபோதும் இந்தச் சம்பிரதாயத்தை விடவில்லை என்றால், அது எவ்வளவு பழைய சந்தை வழக்கமாயிருக்க வேண்டும்!

வாங்குகிறவன் கதி என்ன என்று சாஸ்திரக்காரர்களும் யோசிக்காமல் இல்லை. கௌடில்யர் அர்த்தசாஸ்திரத்தில் இதற்கென்று விதி எழுதியிருக்கிறார். தோல் நோயோ வேறு வியாதியோ உள்ள பிராணியை ஆரோக்கியமானது என்று சொல்லி விற்றால் பன்னிரண்டு பணம் அபராதம். நாற்கால் பிராணியானால் மூன்று பட்சத்துக்குள், அதாவது ஒன்றரை மாதத்துக்குள், திருப்பிக் கொடுத்துவிடலாம். ரோமாபுரியில் சந்தையை மேற்பார்த்த அதிகாரிகள் விற்பவனே பிராணியின் நோயையும் குறையையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்று கட்டளையிட்டார்கள். சொல்லாமல் விற்றால் ஆறு மாதத்துக்குள் வியாபாரத்தை ரத்துச் செய்யலாம். நம்முடைய 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டமோ, வாங்குகிறவன் சரக்கைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்காகப் பிறகு வந்து அழக்கூடாது என்கிறது.

இவையெல்லாம் மறைத்த குறைக்கு மருந்துகள். விற்கிறவன் நாணயஸ்தனாக இருந்து, "ஐயா, இந்தக் குதிரைக்கு இன்ன வியாதி" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் என்ன செய்வது? கௌடில்யரும் ரோமாபுரியும் நம்மைக் கைவிட்டுவிடுகிறார்கள். முடிவு முழுக்க முழுக்க நம் தலையில் விழுகிறது.

அப்படி ஒரு முடிவுக்கு நான் அருகிலிருந்து சாட்சியானேன். ஈரோடு மாவட்டத்து அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழா பிரசித்தம். அதையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் அதைவிடப் பிரசித்தம். திப்பு சுல்தான் தம் படைக்குக் குதிரை பிடித்த சந்தை என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். கத்தியவார் குதிரை, மார்வாரி, பால் வெள்ளை நுக்ரா என்று அங்கே பார்க்கலாம். மேளம் கொட்டினால் ஆடுகிற குதிரையும் உண்டு.

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னை அங்கே அழைத்துப் போனார். அவருடைய பாட்டனார் திருப்பூர் ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர். பேரன் கையில் காசு வந்தது, கார் வந்தது, ஆனாலும் வீட்டில் ஒரு குதிரை நிற்கவேண்டும் என்கிற ஆசை போகவில்லை. அதை வீண் ஜம்பம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாட்டனார் தம் கடைசிக் குதிரையைக் கடனுக்காக விற்றவர் என்பதை நண்பர் வழியில்தான் சொன்னார்.

சந்தையில் ஐந்து வயதுச் செவலைப் பெண் குதிரை ஒன்று அவர் கண்ணைக் கவர்ந்தது. நுனி உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும் காதுகள். கத்தியவார் இரத்தம் என்று காதே சொல்லிற்று. ஆனால் பிடரி மயிர் அங்கங்கே அற்றுப் போயிருந்தது. வாலின் அடியில் ரோமம் தேய்ந்து, தோல் தடித்து மடிப்பு விழுந்திருந்தது.

"கவுறு ஒரசுனதுங்க, வேறொண்ணுமில்லீங்க" என்றார் தரகர்.

குதிரைக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பவானிப் பக்கத்துக் குடியானவர். "அப்புடிச் சொல்லாதீங்க, பாவம். இதுக்குத் தெனவுங்க. மழை விழுந்து ஈரம் காயாத நாள்ல பொழுது சாஞ்சா மரத்துல போட்டு ஒடம்பைத் தேய்க்கும். ரத்தம் வர்ற வரைக்கும் உடாது. வெயில் காலத்துல ஒரு கொறையுமில்லீங்க. எங்க தோட்டம் வாய்க்கால் ஓரம். என்னால முடியலீங்க, அதுதான் விக்கறேன்."

தரகர் தலையில் அடித்துக்கொண்டார். நண்பர் என்னைப் பார்த்தார். நான் எங்களோடு வந்திருந்த ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவரைப் பார்த்தேன்.

குதிரை ஒட்டுண்ணிச் சொறியா, படையா என்று முதலில் சோதித்தார் அவர். அவையானால் மற்றக் குதிரைகளுக்கும் ஒட்டும். படை நமக்கே ஒட்டும். ஆனால் மருந்தால் தீரும். இது ஒட்டாது, தீரவும் தீராது என்றார். கொசுவில் பாதிகூட இல்லாத ஒரு பொடிப் பூச்சி இருக்கிறது. கூலிகாய்டிஸ் என்று அதற்குச் சாஸ்திரப் பெயர். சேற்றிலும் சாணம் கலந்த ஈர மண்ணிலும் பிறந்து, விடிகாலையிலும் அந்தி நேரத்திலும் கடிக்கும். பல குதிரைகளுக்கு அது வெறும் கடி. சில குதிரைகளின் உடம்புக்கு மட்டும் அந்தப் பூச்சியின் எச்சில் ஒவ்வாது. தினவு தாங்காமல் தம்மையே கிழித்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்துச் சொறி என்று பேர்பெற்ற வியாதி இதுதான். அது ஒவ்வாமையே என்பதை 1950-களில் ரீக் என்ற ஆராய்ச்சியாளர் நிறுவினார். ஐஸ்லாந்துத் தீவில் அந்தப் பூச்சி இல்லாமல் இருந்ததால் அங்கே குதிரைகளுக்கு இந்த நோய் கிடையாது. அதே குதிரைகளைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தால் ஏராளமானவற்றுக்கு வந்துவிடுகிறது.

"ஒன்று கவனித்தீர்களா?" என்றார் மருத்துவர். "இது ஆடி மாதம். காற்று அடிக்கிறது. காற்றில் அந்தப் பூச்சியால் பறக்க முடியாது. ஐப்பசியில் பார்த்தால்தான் குதிரையின் நிஜ சொரூபம் தெரியும்."

கௌடில்யரின் ஒன்றரை மாத வாய்தா எனக்கு நினைவு வந்தது. ஆடியில் வாங்கினால் அந்த வாய்தா ஆவணியோடு முடிந்துவிடும். தினவோ ஐப்பசியில்தான் திரும்பி வரும். சட்டம் காப்பாற்ற முடியாத இடத்தில் அந்தக் குடியானவரின் வாய்தான் எங்களைக் காப்பாற்றியது.

சரி, வாங்குவதா வேண்டாமா? எனக்கு அப்போது பாண்டிய நாட்டுக் குதிரைகளின் நிஜக் கதை மனத்தில் ஓடியது. 1290-களில் தமிழகக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார்: ஹோர்முஸ், கீஷ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து வியாபாரிகள் குதிரை கொண்டுவருகிறார்கள், இங்கே ஆளும் அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அப்படியே, வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை. ஏன்? குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் இல்லை. சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துப் போடுகிறார்கள். லாடமடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் ஆளில்லை. தெரிந்த ஆட்கள் இங்கே வந்துவிடாமல் வியாபாரிகளே தடுத்தார்கள் என்றும் அவர் சொல்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் வியாபாரம்!

பாரசீகச் சரித்திராசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் ஒரு படி மேலே போகிறார். குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் விலை. கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கஜானாவிலிருந்து பணம் கொடுக்கவேண்டும் என்று ஒப்பந்தம். இருநூறு வருஷம் கழித்தும் புத்தி வரவில்லை. 1485-இல் விஜயநகர சிம்மாசனம் ஏறிய சாளுவ நரசிம்மன், வழியில் செத்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினாலே முழு விலையும் கொடுத்தான் என்று போர்ச்சுகீசியர் நூனிஸ் எழுதிவைத்திருக்கிறார். குதிரைப்படை இல்லாமல் ராஜ்யம் நிற்காது என்கிற பயம் அவர்களுக்கு. அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் வாலுக்கு விலை கொடுத்த பொன்னில் நாலு லாடக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்திருக்கலாம் அல்லவா?

அதே தமிழ் நாட்டில் மறு பக்கமும் உண்டு. திருப்பூருக்குக் கிழக்கே காங்கேயம் சீமையில் பழையகோட்டைப் பட்டக்காரர்கள் மாட்டினத்தைப் போற்றி வளர்த்தார்கள். கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல் விளையும் கொறங்காட்டில் மேயவிட்டு, பொறுக்கியெடுத்த காளைகளைக் கொண்டு இனத்தைக் கட்டிக் காத்தார்கள். காங்கேயம் காளை என்றால் இன்றைக்கும் நிமிர்ந்து பார்க்கிறோம். வறண்ட மேட்டுக்காட்டில் இதைச் செய்ய முடிந்தது. பொன் கொழித்த மதுரையில் குதிரைக்கு அதைச் செய்யவில்லை.

இதையெல்லாம் நான் சந்தையில் பிரசங்கம் செய்யவில்லை. ஒரே ஒரு கேள்விதான் நண்பரிடம் கேட்டேன். "உங்கள் வீட்டில் பொழுது சாயும்போது குதிரையோடு யார் இருப்பார்கள்?"

பனியன் ஊரில் அது லேசான கேள்வி அல்ல. கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் வாரங்களில் நண்பர் நடுநிசிக்கு முன் வீடு திரும்புவதில்லை. அவர் வெகுநேரம் பேசாமல் நின்றார். அப்புறம் குதிரைக்காரரிடம் திரும்பி, "வருஷத்துல எத்தனை மாசம் இந்தத் தெனவு?" என்று கேட்டார். மருத்துவரிடம், "துணி போட்டு மூடினா அந்தப் பூச்சி கடிக்குமாங்க?" என்றார்.

மருத்துவர் சிரித்தார். வெளிநாடுகளில் செய்வது அதுதான். கழுத்திலிருந்து வாலடி வரை மெல்லிய துணிச் சட்டை. சாதாரணக் கொசுவலை உதவாது. அதன் கண்ணுக்குள் இந்தப் பூச்சி புகுந்துவிடும். கண் நெருக்கமாக இருக்கவேண்டும், காற்றும் போகவேண்டும். லாயத்தில் ஒரு மின்விசிறி ஓடினால் பாதிப் பூச்சி அண்டாது.

"துணிக்கா நமக்குப் பஞ்சம்?" என்றார் நண்பர். அந்தக் கணத்தில் அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பாட்டனாரின் ஜட்காவும் பேரனின் பின்னல் இயந்திரமும் ஒரே குதிரைக்கு உதவப்போகின்றன.

மருத்துவர் இரண்டு நிபந்தனை போட்டார். நொய்யல் கரையை ஒட்டிய வீட்டில் கட்டக்கூடாது. காங்கேயம் போகும் வழியில் நண்பருக்கு இருந்த மேட்டுக்காட்டில், ஈரம் நிற்காத, காற்றடிக்கும் இடத்தில் லாயம் போடவேண்டும். இரண்டாவது, இதைக் குட்டி போட விடக்கூடாது. இந்த ஒவ்வாமை வம்சத்தில் தொடரக்கூடியது. இரண்டாவது நிபந்தனைதான் நண்பருக்குக் கசந்தது. குட்டி துள்ளுவதை மனத்தில் பார்த்துவிட்டிருந்தார் போலும். ஆனாலும் ஒப்புக்கொண்டார். அந்தி நேரத்தைப் பார்த்துக்கொள்ளக் காட்டில் குடியிருக்கும் தம்பதிக்குத் தனிச் சம்பளம் பேசினார். விலை பேசுமுன்பே இந்தச் செலவுகளைக் கணக்குப் போட்டார். நான் அவரை மதித்தது அதற்காகத்தான்.

பிறகு துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேரம் நடந்தது. கயிறு மாறிற்று. குதிரைக்காரர் கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு, திரும்பிப் பாராமல் போனார்.

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. வாலடியில் ரோமம் வளர்ந்திருக்கிறது, பிடரியில் பாதிதான். போன கார்த்திகையில் மின்சாரம் இல்லாத நாலு நாளில் மறுபடியும் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டது. மூன்றாவது சட்டை கிழிந்து நாலாவது தைத்தாயிற்று. குதிரைக்குக் குணமாகிவிட்டதா என்று கேட்டால் நண்பர், "ஆகலீங்க, ஆகவும் ஆகாது. பாத்துக்கறோம்" என்கிறார்.

பாண்டியன் வாங்கிய இரண்டாயிரத்தில் ஒரு குதிரைக்காவது இப்படிச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால், மார்க்கோ போலோ வேறு கணக்கு எழுதியிருப்பார்.